108: ஒரு லேபில் நார்மல், இன்னொன்றில் இல்லையா?
வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 108. ஒரு லேப் நார்மல் என்கிறது, இன்னொன்று பிரீடயாபடிஸ் (நீரிழிவுக்கு முந்தைய எல்லை நிலை) என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தப்பில்லை. இந்த எல்லை நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கோடு 110-இல் தொடங்குகிறது; அமெரிக்க நீரிழிவு சங்கம் 2003-இல் அதை 100-க்கு இறக்கிவிட்டது. ஆபத்து கோட்டைப் பார்த்தா வருகிறது? படிப்படியாகத்தான் ஏறுகிறது.

முந்தைய இரவு சரியாகத் தூங்கினீர்களா? தூக்கம் கெட்டாலே காலைச் சர்க்கரை ஏறலாம். இன்னொரு நாள் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து திரும்பப் பாருங்கள், கூடவே எச்பிஏ1சி-யும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). மருத்துவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

அப்புறம், 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எல்லையில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 31 சதவீதம்தான்.