தாத்தா பூவும் அந்நியச் செடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மொட்டை மாடியில் சிமெண்ட் விரிசலில் ஒரு செடி தானாக முளைத்துப் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா கரிசலாங்கண்ணி என்றார். கைபேசிச் செயலி ட்ரைடாக்ஸ், மெக்ஸிகோ செடி என்கிறது. எது சரி? கரிசலாங்கண்ணி என்றால் தொட்டியில் வளர்ப்பது எப்படி? முடி கொட்டுவது நிற்குமா? அந்நியச் செடி என்றால் பிடுங்கிவிடுகிறேன். நம் மண்ணின் செடிகளை மட்டுமே வளர்ப்பது என்று வைத்திருக்கிறேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

செயலி சொன்னதுதான் சரி. மாமாவிடம் சண்டைக்குப் போகவேண்டாம், பாதி ஊர் இதில் தடுமாறும். உங்கள் செடி தரையில் படர்கிறது. அதிலிருந்து இலையே இல்லாத நீளக் காம்பு எழும்பி, நுனியில் ஒற்றைப் பூ. நடுவே மஞ்சள், சுற்றிலும் வெளிறிய ஐந்தாறு இதழ்கள், ஒவ்வொன்றின் முனையிலும் மூன்று பல். கரிசலாங்கண்ணியின் பூ இலைக்கணுவில் குட்டைக் காம்போடு உட்கார்ந்திருக்கும், முழு வெள்ளை. சந்தேகம் வந்தால் தண்டைக் கசக்குங்கள், கொஞ்ச நேரத்தில் விரல் கறுத்தால் கரிசாலை. அதை வளர்க்க ஈர மண்ணும் கணுவோடு ஒரு தண்டுத் துண்டும் போதும். சாக்கடை ஓரத்தில் பறித்துவராதீர்கள். முடி விஷயத்தை, என் தலையைப் பார்த்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டீர்கள்.

உங்கள் மாடியில் இருப்பதை நாங்கள் தாத்தா பூ என்போம். பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்க அதுதான். காம்பைப் பிடித்துக்கொண்டு "தாத்தா தாத்தா துட்டு குடு, குடுக்காட்டி தலையை வெட்டுவேன்" என்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் ஒரு சுண்டு. தலை தெறிக்கும். ஒரு நாள் அப்படித் தாத்தாக்களைத் துரத்திக்கொண்டு ஓடி, கப்பிக்கல்லில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். அப்பத்தா அதே செடியின் இலையை உள்ளங்கையில் கசக்கிச் சாறு பிழிந்தாள். எரிச்சலில் ஊரைக் கூட்டினேன். அவளுக்கு அது வெட்டுக்காயப் பூண்டு. எனக்கு விளையாட்டு, அவளுக்கு மருந்து. இரண்டும் ஒரே செடி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் செடியைத்தான் பிடுங்கிவிடுகிறேன் என்கிறீர்கள். ஏன்? மெக்ஸிகோவாம். சரி, இன்றைக்கு என்ன குழம்பு? மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தது. தக்காளி, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி எல்லாம் கடல் தாண்டி வந்தவை. சமையலறையில் ஒன்றையும் விசாரிக்காமல், விரிசலில் தானாக முளைத்த ஏழையிடம் மட்டும் ஊர் கேட்கிறோம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் ஒரு தொட்டி நிறையச் செண்டுமல்லி. அதுவும் இதே குடும்பம், அதே மெக்ஸிகோ. ஆயுதபூஜைக்கு நாம் சாமிக்கும் பஸ்ஸுக்கும் போடுகிற மாலை அது. ஊரில் அதற்குத் துலுக்கச் சாமந்தி, அதாவது துருக்கிச் சாமந்தி, என்று ஒரு பெயர் வேறு. பெயரில் கூட ஊர் தப்பு!

வந்ததெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இதே குடும்பத்துச் செடிதான். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஒரு முறை வெறுங்கையால் பிடுங்கிவிட்டு ஒரு வாரம் முழங்கை வரை சொறிந்துகொண்டு கிடந்தேன். அதன் மேல் எனக்குக் கோபம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதற்காக அல்ல, இங்கே வந்து என்ன செய்கிறது என்பதற்காக. உங்கள் தாத்தா பூ என்ன செய்தது? தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் இடம் கொடுத்தது.

வளர்க்க ஒரு வேலையும் இல்லை. வெயில் படவேண்டும், அவ்வளவுதான். காய்ந்த தலையில் பஞ்சு வைத்த விதைகள் இருக்கும். மண்ணின் மேல் ஊதிவிடுங்கள், ஆழமாகப் புதைக்காதீர்கள்.

அப்புறம், அந்தச் செண்டுமல்லித் தொட்டியின் இடது ஓரத்தில் கேரட் இலை மாதிரிக் கிழிந்த இலைகளோடு மண்ணோடு படிந்து ஒரு நாற்று தெரிகிறது. செண்டுமல்லி நாற்று என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் போல. அது பார்த்தீனியம். பூப்பதற்குள் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.