குன்னூர் அம்மாவோட கல்ச்சர் ரிப்போர்ட் பத்தி
சகோ, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்ச அம்மாவுக்கு யூரின் கல்ச்சர்ல (மூத்திரத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) கிளெப்சியெல்லாங்கற கிருமி, மெரோபெனம்ங்கற ஆன்டிபயாடிக் பக்கத்துல ‘ஆர்’னு (ரெசிஸ்டன்ட்) இருக்கு, இனி மருந்தே இல்லயான்னு கேட்டிருந்தீங்க. அப்படி இல்லங்க, அந்த ஒரு மருந்து கேக்காதுன்னுதான் அர்த்தம், கிருமிகிட்ட என்டிஎம் மாதிரி என்சைம் (கிருமியே தயாரிக்கற ஒரு புரதம்) இருந்தா அது மருந்தையே உடைச்சுடும், அதே தாள்ல ‘எஸ்’னு, அதாவது கேக்கும்னு, எது இருக்குன்னு டாக்டரோட உக்காந்து பாருங்க. காய்ச்சல், நடுக்கம் எதுவுமே இல்லன்னா யூரின் டியூப்ல சும்மா ஒட்டியிருக்கற கிருமியாவும் இருக்கலாம், அதுக்குப் பல நேரம் ஆன்டிபயாடிக்கே வேணாம், டியூப்ப எடுக்க முடியுமான்னு கட்டாயம் கேளுங்க. கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் போட்டா கிட்னி பாதிக்கலாம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்) அடிக்கடி பாக்கணும். எங்கப்பா கோத்தகிரில படுத்திருந்தப்ப யூரின் பை தரைல கிடந்துச்சு, நான்தான் கட்டில் கம்பில மாட்டினேன், நீங்களும் பாத்துக்கோங்க. ஊட்டிக் குளிர்ல ஸ்வெட்டர் கை விரல் வரைக்கும் வருமே, அத முழங்கைக்கு மேல ஏத்திவிட்டு சோப்பு போட்டு கழுவிட்டு அம்மாவத் தொடுங்க, தொட்டப்புறமும் கழுவுங்க.