சம்பளப் பட்டியலில் கையெழுத்திட மறுத்த ரெஜிமெண்ட்

அடிமை முறையை விடாத தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களின் மத்திய அரசுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தொண்டர் காலாட்படை ரெஜிமெண்டுகளில் (படைப்பிரிவுகளில்) எது உங்கள் மனத்தில் நிற்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், 54ஆவது மாசசூசெட்ஸ். தென் கரோலினாவில் எதிரிகளான தென்மாநிலப் படையின் வசமிருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கியதற்காகத்தான் பலரும் அந்த ரெஜிமெண்டை நினைவுகூர்கிறார்கள். நான் பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகமொன்றில் சம்பளப் பட்டியல் போட்டவன். ஒரு ரூபாய் பிடித்தம் தவறாக விழுந்தாலே ஊழியர்கள் எப்படிக் கொதிப்பார்கள் என்று பார்த்தவன். ஆகவே அவர்களுடைய சம்பளக் கணக்குதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது.

1863இன் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பின வீரர்களைக் கொண்டு ஒரு ரெஜிமெண்டைத் திரட்ட மத்திய அரசிடம் அனுமதி பெற்றார். அதிகாரிகள் வெள்ளையர்கள், ரெஜிமெண்டின் தலைவரான கர்னலாக நியமிக்கப்பட்ட ராபர்ட் கோல்ட் ஷாவுக்கு வயது 25. பாஸ்டனை அடுத்த ரீட்வில் முகாமில் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் வடமாநிலங்களில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் மகன்களில் இருவர் பெயர் கொடுத்திருந்தார்கள். மற்ற மாசசூசெட்ஸ் படையினருக்கு என்ன சம்பளமோ அதுவே உங்களுக்கும் என்று வாக்களித்தே ஆள் சேர்த்தார்கள். அப்போது ஒரு சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர். உடுப்புப் படி தனி.

தென் கரோலினாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த கணக்கு வேறு. 1862ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றைக் காட்டி, கறுப்பினத்தவருக்கு 10 டாலர்தான், அதிலும் 3 டாலர் உடுப்புக்காகப் பிடித்தம் என்றார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மேலதிகமாகக் கிடைத்த அதே உடுப்பு, இவர்களுக்குப் பிடித்தமாக மாறியது. கையில் நின்றது 7 டாலர்; சிப்பாயானாலும் சார்ஜெண்டானாலும் அதே 7 டாலர். ரெஜிமெண்ட் மொத்தமாக வாங்க மறுத்தது. சம்பள அதிகாரி திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் அனுப்பப்பட்டார்.

இதற்கிடையில் நடந்ததுதான் வாக்னர் கோட்டை. 1863 ஜூலை 18 அந்தி சாயும் வேளையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சதுப்பும் நெருக்கிய குறுகலான மணல் திட்டின் வழியே ஏறத்தாழ 600 பேர் முன்வரிசையில் ஓடினார்கள். இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து 272 பேரை அன்றிரவு ரெஜிமெண்ட் இழந்தது. மதில்மேல் ஏறிய ஷா அங்கேயே வீழ்ந்தார்; எதிரிகள் அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். சார்ஜெண்ட் வில்லியம் கார்னி பல குண்டுக் காயங்களுடன் கொடியைத் தரையில் படவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கான மெடல் ஆஃப் ஹானர் என்ற, அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருது அவர் கைக்கு வந்தது 1900இல்.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு மாறவில்லை. செப்டம்பரில் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் நேரே ஜனாதிபதி லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் படைவீரர்களா, கூலியாட்களா என்று கேட்டார். அலுவலகக் கோப்புகளில் எத்தனையோ முறையீடுகளைப் படித்திருக்கிறேன். பிரச்சினையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன ஒன்றை நான் கண்டதில்லை. அவ்வாண்டின் இறுதியில், குறைகிற தொகையை மாசசூசெட்ஸ் அரசே ஈடுகட்டுவதாக முன்வந்தபோதும் அவர்கள் ஏற்கவில்லை. வீட்டில் மனைவி மக்கள் பசியோடு இருந்த நிலையில், முழுத்தொகை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபின் அதை வேண்டாமென்றதை நான் வாக்னர் மதிலுக்குக் குறைவாக மதிக்க மாட்டேன். தங்களை அரைப் படைவீரராக மதிப்பிடும் மத்திய அரசின் கணக்கு அப்படியே நிற்க, வித்தியாசத்தை வேறொருவர் நிரப்புவதில் அவர்களுக்கு உடன்பாடில்லை.

1864 பிப்ரவரி 20 அன்று ஃப்ளோரிடாவின் ஒலஸ்டீயில், தோற்றுப் பின்வாங்கிய வடமாநிலப் படையைக் காக்க நின்றவர்களில் இவர்களும் உண்டு. அங்கே அவர்கள் எழுப்பிய முழக்கம், “மாசசூசெட்ஸும் மாதம் ஏழு டாலரும்!” கிண்டலும் கோபமும் அதில் சரிபாதி. காயமுற்றவர்களை ஏற்றிய ரயிலின் எஞ்சின் வழியில் பழுதானபோது, பெட்டிகளில் கயிறு கட்டி மைல் கணக்கில் இழுத்துப் போனவர்களும் இவர்களே.

1864 ஜூனில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் பழைய நிலுவை முழுவதும் 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவருக்கு மட்டும் என்றொரு கொக்கி போட்டது. தப்பி வந்த முன்னாள் அடிமைகளும் ரெஜிமெண்டில் இருந்தார்கள். ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தவர், வீரர்கள் எடுக்க ஓர் உறுதிமொழி வகுத்தார்: அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ கூலியில்லா உழைப்பை எந்த மனிதனுக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை. எஜமானனின் சட்டம் என்ன சொன்னாலும், கடவுள் முன்னிலையில் எந்த அடிமையும் பொய்யின்றிச் சொல்லக்கூடிய வாக்கியம் அது. வாசகத்தை இப்படி அமைக்கத் தெரிந்த ஒரு மேலதிகாரி வாய்ப்பது அபூர்வம் என்பதை என் போன்றவர்கள் அறிவோம்.

செப்டம்பர் இறுதியில் சம்பளம் வந்தது. ரெஜிமெண்டுக்குப் பட்டுவாடா செய்ய ஏறத்தாழ 1,70,000 டாலர் தேவைப்பட்டது. லிங்கனுக்குக் கடிதம் எழுதிய குடிங் அன்று வரிசையில் இல்லை. ஒலஸ்டீயில் காயமுற்றுப் பிடிபட்ட அவர், ஜூலை 19 அன்றே தென்மாநிலங்களின் போர்க்கைதி முகாமான ஆண்டர்சன்வில் சிறையில் இறந்துபோயிருந்தார்.