போஸ்ட்டாக் வருகிறவருக்கு: லைசென்ஸ், பேண்ட் கேப், இன்ன பிற

தம்பி, சூரிய மின்கலப் பொருள்களைக் கணினியில் வடிவமைக்கும் குழுவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) கிடைத்திருக்கிறது, வீடு, குளிர், சம்பளம், வேலை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டையும் குளிரையும் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். சம்பளத்தில் காலம் தள்ளலாம். நான் வேலைக்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை முதலில் பாருங்கள், விசாவும் பெரும்பாலும் அதோடுதான் முடியும். நான் வந்த புதிதில் "நீட்டித்துவிடலாம்" என்று பேராசிரியர் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி வாரம் வரை தாள் வரவில்லை. அந்த நாட்களில் தூக்கம் ஏது?

யாரும் சொல்லாத ஒன்று: பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் வாஸ்ப் மென்பொருளின் லைசென்ஸ் குழுவுக்குச் சொந்தம், உங்களுக்கு இல்லை. வேலை முடிந்தால் சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கும் மூடிவிடும். உங்கள் ஸ்கிரிப்டுகளைப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதே வேலையைச் செய்யும் குவாண்டம் எஸ்பிரஸோ மென்பொருள் இலவசம், அதிலும் கை பழகட்டும்.

அப்புறம், மற்றவர்களின் கட்டுரைக்குக் கேட்ட வரைபடத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் ஆளாக மட்டும் ஆகிவிடாதீர்கள். நம் ஆட்களில் பலர் அப்படியே கட்டுரை ஆசிரியர் பெயர் வரிசையின் நடுவில் நின்று, போஸ்ட்டாக் விட்டுப் போஸ்ட்டாக் தாவுகிறார்கள். வார இறுதியில் கூடினால் விசாப் புலம்பல்தான். எனக்கு அது ஒத்துவரவில்லை.

நான் வந்தபோது பெரோவ்ஸ்கைட் என்ற வகைச் சூரிய மின்கலப் பொருள் மீது எல்லோருக்கும் காய்ச்சல். 2009-இல் 3.8 சதவீதமாக இருந்த அதன் செயல்திறன் சில ஆண்டுகளில் 20-ஐத் தாண்டியிருந்தது. அந்த வகையில் ஈயம் கலந்த மெத்தில் அமோனியம் லெட் அயோடைடுக்கு, பிபிஇ என்ற தோராயக் கணக்கு முறையில் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளி) கிட்டத்தட்ட 1.6 எலக்ட்ரான் வோல்ட் வரும். அளந்தாலும் அதே அளவுதான், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பிபிஇ கேப்பைக் குறைத்துக் காட்டுகிற ஆசாமி ஆயிற்றே, சிலிக்கானுக்கே 1.1-க்குப் பதில் 0.6 தானே தரும்? ஈயம் கனமான அணு. கனமான அணுவில் வலுவாகும் ஸ்பின்-ஆர்பிட் இணைப்பை (எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் அதன் சுற்றோட்டத்துக்கும் உள்ள பிணைப்பு) கணக்கில் சேர்த்தால் அந்த 1.6-இல் ஏறக்குறைய 1 சரிந்துவிடும். பிபிஇ-யின் குறைவும், இந்த இணைப்பை விட்டதால் வந்த கூடுதலும் என இரண்டு பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில் வந்த பொருத்தம் அது. திக்கித் திணறும் ஆங்கிலத்தில் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பக்கத்து ஆய்வகத்துக்காரர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியோடு வந்தார். அவர் அளந்த மின்கலத்தில் மின்னழுத்தத்தை ஏற்றும்போது மின்னோட்டத்துக்கு ஒரு வளைவு, இறக்கும்போது வேறொன்று. அயனிகள் நகர்வதால்தானோ என்று சந்தேகப்பட்டு, படிகத்தில் அயோடைடு இல்லாத காலியிடம் நகர எவ்வளவு ஆற்றல் தடை என்று கணக்கிட முடியுமா என்று கேட்டார். பின்னாளில் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் அந்தக் கணக்கைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார்கள்.