கல்லூரியில் ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஷீட்டில் நிரப்பச் சொல்கிறார்கள். கொடுத்தால் பத்திரமாக இருக்குமா?

உங்கள் தங்கை முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஷீட் லிங்கைப் போட்டு ஆதார் எண், வங்கிக் கணக்கு, அம்மா அப்பா போன் நம்பர் எல்லாவற்றையும் இன்று ராத்திரிக்குள் நிரப்பச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "இன்று ராத்திரிக்குள்" என்பதைப் படித்த பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை. அப்படி ஒரு ஷீட்டை உண்டாக்கி, அதே வார்த்தையைப் போட்டு அனுப்பியவள் நான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு கல்லூரியில் 11 வருடமாக கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று கமெண்டில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். சம்பளம் தருகிற இடத்தைக் கெடுக்க எழுதுகிறாள் என்று சிலர் வருவீர்கள். கெடுக்க நினைத்தால் பெயரோடு எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிற மற்றக் கல்லூரிகளிலும் நிலைமை இதுதான்.

2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், நேராக அவர்கள் கணக்குக்கே. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது பெரிய காசு. விவரங்களைத் தாளில் எழுதி வாங்கினால் கணக்கு எண்ணில் ஒரு பூஜ்யம் விட்டுப் போகும், 1 எது 7 எது என்று தெரியாது. அதனால் நான் ஒரு கூகுள் ஷீட் போட்டேன். பதிவு எண், பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கி, கணக்கு எண், பெற்றோர் போன். 180 பேருக்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்க முடியாது என்று "லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்" என்பதைத் தட்டிவிட்டேன். ஒரே ராத்திரியில் நிரம்பியது. மறுநாள் துறைத்தலைவர் பாராட்டினார். அதோடு அந்த ஷீட்டை மறந்துபோனேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மாணவியின் அம்மா லேப் வாசலில் வந்து நின்றார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லி உடைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் முந்திரிக் கொட்டைக் கறை. கையில் ஒரு பட்டன் போன், பின்மூடி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. முந்தின நாள் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் மகளுக்கு மாதப் பணம் நின்றுவிட்டது, திரும்ப வர வேண்டுமென்றால் ஏடிஎம் கார்டு நம்பரையும் போனில் வருகிற எண்ணையும் சொல்லுங்கள் என்றிருக்கிறான். இவர் சொல்லிவிட்டார். குழு லோன் வாங்கி வீட்டு ஓடு மாற்ற வைத்திருந்த 18,500 ரூபாய் போய்விட்டது.

"ஓடிபி சொல்லக்கூடாதுன்னு தெரியாதா அக்கா?" என்று நானும்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"தெரியும் மக்களே. ஆனா அவன் எம்பிள்ளைக்க பேரு சொன்னான், ரெஜிஸ்டர் நம்பர் சொன்னான், எந்த பேங்குன்னும் சொன்னான். காலேஜ் ஆளு இல்லாம வேற ஆருக்கு இதெல்லாம் தெரியும்?"

அப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். அப்புறம் நாகர்கோவில் போய் சைபர் கிரைம் போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அதற்குள் ஒரு ராத்திரி கழிந்திருந்தது, பணம் கைமாறிப் போய்விட்டது. பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 1930-க்குக் கூப்பிட்டால் அது போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு நம்பரை மட்டும் உங்கள் வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்தப் பழைய ஷீட்டைத் திறந்தேன். மேலே வலது மூலையில் சின்னச் சின்னக் கலர் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகப் படம். லிங்க் வழியாகப் பெயர் தெரியாதவர்கள் உள்ளே வந்தால் கூகுள் அவர்களுக்கு "அனானிமஸ்" என்று ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுக்கும். ஒரு நீர்நாய், ஒரு ஓணான், இன்னொன்று என்னவென்று எனக்குப் புரியவில்லை. மணி ஒன்பதரை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு வேலை முடிந்த ஷீட்டில் அந்த நேரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஓணான் போய்விட்டது.

அந்த லிங்க் வகுப்புக் குழுவிலிருந்து சீனியர் குழுவுக்கும், அங்கிருந்து ஏதோ ஸ்காலர்ஷிப் தகவல் குழுவுக்கும் போயிருந்தது. பணத்தை எடுத்தவன் இதிலிருந்துதான் விவரம் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் போனில் சொன்ன அத்தனையும் அந்த ஷீட்டில் ஒரே வரியில் இருந்தது. 47-வது வரி.

பிறகு இன்னொன்றும் உறைத்தது. எங்கள் மாணவர் போர்ட்டலில் பதிவு எண்தான் பயனர் பெயர், பிறந்த தேதிதான் முதல் பாஸ்வேர்ட். பிள்ளைகள் பெரும்பாலும் அதை மாற்றுவதே இல்லை. இரண்டும் ஷீட்டில் ஒரே வரியில் இருந்தன. போட்டோ, முகவரி, மார்க் என்று போர்ட்டலில் இருப்பதை எல்லாம் அந்த மூன்று மிருகங்களும் பார்த்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்றால் ஃபயர்வால், ஆன்டிவைரஸ், எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கிற ஹேக்கர் என்றுதான் கருத்தரங்கில் பேசுகிறார்கள். அதெல்லாம் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வான்னாக்ரை வைரஸ் வந்தபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வெளியாகியும் போடாத கம்ப்யூட்டர்கள்தான் அதிகம் மாட்டின. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எத்தனை லேபில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்த கசிவு எதற்கும் ஹேக்கர் தேவைப்படவில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரமே போதுமானதாக இருந்தது.

சட்டம் தெரிந்தவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முழுக்க நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாம் ஆண்டு சேர்கிற பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகிறது. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஷீட்டை அன்று ராத்திரியே பூட்டினேன். மறுநாள் நடந்ததை எல்லாம் எழுதி, இனி இப்படி வாங்கக்கூடாது என்று கடிதம் கொடுத்தேன். "நீங்க டெம்பரரி ஸ்டாஃப், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். 11 வருடம் தொகுப்பூதியம். பி.எஃப். கிடையாது. மே மாதம் சம்பளம் கிடையாது. புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும் நான், பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமையும் நான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ஆதார் எண் என் கையில் இருக்கலாம், ஆனால் அடையாள அட்டையில் என் பதவிக்குக் கீழே "தற்காலிகம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் வந்த மாவட்டம் எங்களுடையது. படித்தவர்கள் நிறைய இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கிற கூலி இதுதான் போலிருக்கிறது.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ஷீட் என்றால் நிரப்புகிற எல்லோரும் எல்லோருடையதையும் பார்க்கலாம். கூகுள் ஃபார்மில் அப்படி இல்லை, ஒருவர் எழுதுவது ஃபார்மை உண்டாக்கியவருக்கும் அவர் அனுமதித்தவர்களுக்கும் மட்டும்தான் போகும். உண்டாக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கள் துறையில் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன், வேலை முடிந்ததும் அழித்துவிட்டு அழித்த தேதியை நோட்டில் எழுதி வைக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. லேபில் 42 கம்ப்யூட்டரிலும் பிரவுசரை மூடினால் உள்ளே இருந்த லாகின் எல்லாம் அழிகிற மாதிரி செய்துவைத்தேன். அதற்கு முன்பு சாயங்காலம் சிஸ்டங்களை அணைக்கப் போனால் யாராவது ஒரு பிள்ளையின் ஜிமெயில் திறந்தபடியே இருக்கும்.

ஆதார் நகல் கேட்டால் எண்ணின் முதல் 8 இலக்கத்தை மறைத்த ஆதாரைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆதார் இணையதளத்திலேயே அப்படி இறக்கிக்கொள்ளலாம். வேறு யாரும் நம் கைரேகையை ஆதாரோடு பயன்படுத்தாதபடி பூட்டி வைக்கிற வசதியும் அங்கேயே உண்டு. உதவித்தொகைக்கு முழு எண் வேண்டியிருக்கும், அதை அரசு போர்ட்டலில் தங்கையே நேராகப் பதியட்டும், அல்லது அலுவலகத்தில் போய்ச் சொல்லட்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பிப் பிரின்ட் எடுத்தால், அங்கே நின்றே அந்த ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபப்பட மாட்டார், நான் பலமுறை கேட்டிருக்கிறேன். போர்ட்டல் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரிக்குள் என்றார்களே, அதற்குப் பயந்து நிரப்ப வேண்டாம். "மேடம், ஷீட்டுக்குப் பதில் ஃபார்ம் போடுவீர்களா?" என்று குழுவில் வேண்டாம், தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் 2022-ல் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றியிருப்பேன்.