ஆப்பிளுக்குப் பதில் கொய்யா கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சத்து குறையுமா?

குறையாது. தாராளமாக மாறுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஆளுக்கொரு ஆப்பிள் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, கொய்யாவுக்கு மாறினால் அவர்களுக்குக் குறை வைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் ஆப்பிள்தான் வாங்குகிறோம். கொய்யாவோடு போய் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். நம்மூரில் மலிவாகக் கிடைப்பதாலேயே அந்தப் பழத்துக்கு மரியாதை குறைந்துபோனது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 228 மில்லிகிராம். தோலோடு சேர்ந்த ஆப்பிளில் 4.6 மில்லிகிராம். நார்ச்சத்து கொய்யாவில் 5.4 கிராம், ஆப்பிளில் 2.4. புரதம் கொய்யாவில் இரண்டரை கிராம், ஆப்பிளில் கால் கிராம். ஃபோலேட் என்ற பி வைட்டமின் கொய்யாவில் 49 மைக்ரோகிராம், ஆப்பிளில் வெறும் 3. சர்க்கரை ஆப்பிளில் 10 கிராம் சொச்சம், கொய்யாவில் 9 கிராமுக்குப் பக்கம். கலோரி மட்டும் கொய்யாவில் சற்று அதிகம், 68க்கு 52. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய உணவுகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட அட்டவணையிலும் கொய்யாவின் வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டித்தான் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு ‘ஐம்பது மடங்கு சத்து’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியில்லை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு வைட்டமின் சி 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. மீதியை உடம்பு பெரிதாகச் சேர்த்து வைப்பதில்லை, சிறுநீரில் போய்விடும். அதாவது அரைக் கொய்யாவிலேயே அன்றைய தேவை முடிந்தது. ஆனால் ஆப்பிளை மட்டும் நம்பினால் ஒரு முழுப் பழம் தின்றாலும் 10 மில்லிகிராம் தேறாது. மீதிக்கு நெல்லிக்காய், எலுமிச்சை, முருங்கைக்கீரை என்று வேறு எதையாவது தேட வேண்டும்.

என்னைக் கேட்டால் கொய்யாவின் பெரிய நன்மை இரும்புச்சத்தில் இருக்கிறது. கொய்யாவில் இரும்பு அதிகம் என்று சொல்லவில்லை. நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. அவற்றோடு அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி-யும் இருந்தால், குடல் உறிஞ்சிக்கொள்ள வசதியான வடிவத்துக்கு அந்த இரும்பு மாறுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட ஊரில் இது சின்ன விஷயமே இல்லை.

என் அக்கா உண்டாகியிருந்தபோது ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் மாத்திரையைப் போட்ட கையோடு டீ குடிப்பாள். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா டம்ளரைப் பார்த்ததும், “டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வைம்மா. மதியம் சாப்பிடும்போது ஒரு கொய்யாக்காயைக் கடிச்சுக்கோ” என்றார். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியில் அவர் சொன்னதை, பிறகு எத்தனையோ இடங்களில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். கொய்யா மாத்திரைக்கு மாற்றாகிவிடாது, இரண்டும் வேண்டும். அக்காவும் இரண்டையும் விடவில்லை.

அதனால் உங்கள் பிள்ளைகளுக்கும் மாலை நேரத் தீனியாக மட்டும் கொடுக்காமல் சாப்பாட்டோடு, இல்லாவிட்டால் சாப்பிட்டு முடித்த உடனே கொடுங்கள். கீரைச் சாதம் கட்டும் நாளில் டப்பாவின் ஓரத்தில் இரண்டு கீற்று வையுங்கள். தோலைச் சீவாதீர்கள், வைட்டமின் சி தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்குப் போகும். வண்டிக்காரர் கத்தியால் நான்காகப் பிளந்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, நடுவில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவாரே, அது எனக்கும் பிடிக்கும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பை வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

வாங்கும்போது செங்காயாகப் பாருங்கள். பச்சை வெளுத்து மஞ்சள் தட்ட ஆரம்பித்து, மூக்கருகே கொண்டுபோனால் மணக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பதம்தான் பிடிக்கும், வீட்டில் இரண்டு நாள் தாங்கவும் செய்யும். உள்ளே சிவப்பான ரகம் கிடைத்தால் விடாதீர்கள். தக்காளிக்கு நிறம் தருகிற லைகோபீன் அதில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பச்சைத் தக்காளியைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பச்சை’ என்றால் இங்கே சமைக்காத தக்காளி. பழனி பக்கம் போனால் ஆயக்குடிச் சந்தையில் கூடை கூடையாகக் கொய்யா வந்து இறங்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கொய்யா சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். சளி வைரஸால் வருவது, பழத்தால் வராது. விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதும் வீண் பயம். மெல்லாத விதை அப்படியே வெளியே போய்விடும். ஆனால் விதை பல்லுக்குக் கடினம், அது உண்மை. பல் செட் வைத்தவர்களுக்கும் சின்னக் குழந்தைக்கும் நடுவில் உள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்துவிட்டுக் கொடுங்கள். சத்து பெரும்பாலும் வெளிச்சதையில்தான், நஷ்டமில்லை.

ஆப்பிளைக் குறை சொல்ல நான் வரவில்லை. தோலில் குவெர்செட்டின் போன்ற நல்ல பொருட்கள் இருக்கின்றன, பெக்டின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. வேகவைத்து மசித்தால் ஆறு மாதக் குழந்தை கூடச் சாப்பிடும். பச்சையாகக் கடிக்கக் கொடுப்பது மட்டும் நான்கு வயதுக்கு முன் வேண்டாம், துண்டு தொண்டையில் சிக்கும். பொட்டாசியம் ஆப்பிளில் குறைவு என்பதால், சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அது தோதான பழம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் கொய்யாவுக்கு மாறக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டில் எதையும் அளவோடு முழுப் பழமாகச் சாப்பிடலாம், ஜூஸாக வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: வாரத்தில் ஐந்து நாள் கொய்யா, மீதி இரண்டு நாள் பப்பாளியோ வாழைப்பழமோ எது மலிவாக இருக்கிறதோ அது. ஆப்பிள்தான் வேண்டும் என்று சின்னவர் அடம் பிடித்தால் ஒன்று வாங்கி இருவருக்கும் பாதி பாதி கொடுங்கள். மிச்சமாகும் காசில் தினம் ஆளுக்கு ஒரு முட்டை சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.