எடைச் சீட்டு

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். எங்கள் லைனில் ஒரு பெண், புருஷன் இல்லாதவள். சாயங்காலம் எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் அவள் கையைப் பிடிப்பதும், லாரியில் முன்னால் வந்து உட்காரச் சொல்வதும் ஆறேழு வாரமாக நடக்கிறது. ஒருநாள் கையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து 30 கிலோ பறிக்கிறவளுக்கு 24 என்று எழுதுகிறார். ஆபீசில் சொன்னால், "பெரிசு பண்ணாதீங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எஸ்டேட்டின் பெயரையும் அவள் பெயரையும் எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 24 கிலோதான். என் அம்மாவும் இலை பறித்தவர். சாக்கைத் தராசில் மாட்டும்போது பெண்கள் எல்லோருடைய கண்ணும் முள்ளின் மேல் இருக்கும். ஆனால் முள் காட்டுவது கணக்கில் வராது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து எடை போடுகிறவர் வாயால் சொல்வதுதான் கிலோ. மழைநாளில் இரண்டு கழிப்பாரா நான்கு கழிப்பாரா என்பது யார் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது என்பார் அம்மா. 'அந்த ஆள் அப்படித்தான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டம் தொடுவதோடு நிற்கவில்லை. இணங்கினால் சலுகை, மறுத்தால் வேலையில் கெடுதல் என்று ஜாடை காட்டுவதும் அதன்படி பாலியல் தொல்லைதான். முதலாளி ஏற்பாடு செய்த லாரியும் பணியிடம்தான்.

அதனால் முதலில் எடைச் சீட்டுகளைத் தேடுங்கள். கையைத் தட்டிவிட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வாரம், பிந்தைய இரண்டு வாரம். பக்கத்து நிரையில் பறித்தவர்களின் சீட்டும் வேண்டும். அதே காடு, அதே மழை. இவளுக்கு மட்டும் ஏன் குறைந்தது என்று விசாரிக்கிறவர்கள் கேட்கட்டும். சீட்டு அடுப்புக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை, பார்த்த நீங்கள் இருக்கிறீர்கள். நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் ஒருவர் தலைமையில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவே இல்லை என்றால் ஊட்டி கலெக்டர் ஆபீசில் மாவட்ட அளவிலான குழுவைக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். அவளுக்கு எழுத வராது என்றால் எழுத உதவுவது குழுவின் வேலை.

பேசித் தீர்ப்பது பற்றி. அது அவளாகக் கேட்டால் மட்டும்தான்; அப்போதும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. ஒரு சேலையும் கொஞ்சம் ரூபாயும் கொடுத்து வாயை அடைக்கிற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது.

இன்னொன்று, இதைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். விசாரணை முடியும்வரை அவள் வேலையை அந்த ஆள் மதிப்பிடக் கூடாது என்று கேட்க விதியில் இடமிருக்கிறது. அதாவது அவள் இலையை வேறொருவர் எடை போட வேண்டும். புகாரிலேயே இதை எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஊட்டிக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேருக்கும் ஒருநாள் கூலி போகும், தெரியும். போய்வந்து எழுதுங்கள். சாக்குக்கு இப்போது எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.